நீங்கள் வாசித்துச் சொன்ன முடிவு

அன்புள்ள பிலோமினாவின் அப்பாவுக்கு,

நாளைக்கு உங்களுடைய இரண்டாம் ஆண்டு நினைவுப் பூசை. மனதில் கோபத்தை வைத்துக்கொண்டு கோயிலில் முழங்காலில் நிற்க எனக்கு ஏலாது. அதனால்தான் எழுதுகிறேன். ஊர் வாசித்தாலும் வாசிக்கட்டும்.

சுகமில்லாமல் வேலைக்குப் போகாமல் இருந்தீர்களே, அந்த மாரிகாலம் நினைவிருக்கிறதா? வேலை செய்த கந்தோரில் யாரிடமோ இரவல் வாங்கிய இங்கிலீசுத் துப்பறியும் கதையைக் கதிரையில் சாய்ந்திருந்து தமிழில் சொல்லுவீர்கள். நான் குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டு கேட்பேன். நோயாளித் துரையின் பாலில் யாரோ நஞ்சு கலக்கிறார்கள். அவருடைய மனுசி இரவு பகலாய்ப் பார்த்து அவரை எழுப்பி நடக்கவைக்கிறாள். நஞ்சு வைத்தது துரையின் வழக்குப் பேசுகிற அப்புக்காத்து என்று முடித்தீர்கள்.

"நானும் உங்களை எழுப்பி நடக்க வைக்கிறனோ இல்லையோ பாருங்கோ" என்றேன்.

"ஓமப்பா, நீர் லேசில விடமாட்டீர்" என்று சிரித்தீர்கள்.

போன மாதம் பிலோமினா யாழ்ப்பாணத்தில் இருந்து அதே புத்தகத்தைக் கொண்டுவந்தாள். "அம்மா, அப்பா வாசிச்ச கதை. திருப்பி அச்சடிச்சிருக்கிறாங்கள்." புது அட்டை, நல்ல மணம். அவள் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல ஆசையோடு இருந்து கேட்டேன்.

பத்தாம் பக்கத்திலேயே துரை செத்துப்போனார்.

"பிழையாய் வாசிக்கிறாய் பிள்ளை. அவர் கடைசியில எழும்பி நடப்பார்."

"செத்தவர் எப்பிடியம்மா நடக்கிறது?"

பிறகு முழுக்கத் தேத்தண்ணி குடிப்பதும் கதைப்பதும்தான். துப்பறிகிறவர் ஒரு அத்தியாயம் முழுக்க இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. எங்களூர் மீன் சந்தையில் என்றால் அரை மணித்தியாலத்தில் ஆளைப் பிடித்திருப்பார்கள். கடைசிப் பக்கத்தில் நஞ்சு வைத்தது யார்? அந்த மனுசி. நான் என்னைப் போல என்று நினைத்த அதே மனுசி.

கதையைத்தானே மாற்றினீர்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் நினைவு வந்தது. எனக்கு நீங்கள் வாசித்துச் சொன்ன இங்கிலீசு இன்னுமொன்று இருக்கிறதே. டொக்டர் எழுதித் தந்த துண்டு. "இரத்தம் குறைவாம், ஓய்வெடுத்தால் சரியாம்" என்று பஸ்சுக்குள் வைத்துச் சொன்னீர்கள். அடுத்த பெருநாளுக்கு நீங்கள் இல்லை.

அலுமாரியில் உங்கள் வெள்ளைச் சேட்டுக்குக் கீழே இருந்த துண்டை எடுத்து மகளிடம் கொடுத்தேன். ஒருதரம் வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

"இரத்தம் கொஞ்சம் குறைவு எண்டுதானம்மா போட்டிருக்கு" என்றாள். உங்களுடைய அதே குரல். உங்களைப் போலவே நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசிக் கிழமையில் உங்களைச் சோம்பேறி என்று ஏசினேனே. கதிரையை விட்டு எழும்பாமல் நடிக்கிறீர்கள் என்றேனே. தெரிந்திருந்தால் அந்தச் சொல் என் வாயில் வந்திருக்குமா? அதற்கும் சிரித்தீர்கள். பயந்துவிடுவேன் என்றா மறைத்தீர்கள்? நான் பயந்திருப்பேன். அழுதிருப்பேன். ஆனால் ஏசியிருக்க மாட்டேன்.

நான் மூன்றாம் வகுப்புத்தான். பிலோமினாவின் பழைய இங்கிலீசுப் புத்தகத்தைப் பெட்டியில் இருந்து எடுத்து எழுத்துக் கூட்டிப் பழகுகிறேன். நேற்றுத் துண்டில் உங்கள் பெயரை வாசித்துவிட்டேன். மிச்சம் நாலு வரி. அதையும் நானே வாசிப்பேன். வாசித்த பிறகு கல்லறைக்கு வந்து, அந்த ஒரு சொல்லுக்கு மன்னிப்புக் கேட்பேன். நீங்களும் என்னிடம் கேட்கத்தான் வேண்டும்.

நீங்கள் சொன்னதையெல்லாம் நம்பிய உங்கள் மனுசி,
திரேசம்மா