ஸ்காட்லாந்திலிருந்து எடுத்த மூன்று குளங்கள்

அனுப்புநர்:
அ. பிரஷாந்தினி,
எட்டாம் வகுப்பு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி,
கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்.

பெறுநர்:
திரு. அருளம்பலம் அவர்கள்,
தலைவர், மேற்படி பள்ளி.

பொருள்: ஆசிரியை யோசெப்பின் அவர்கள் மீண்டும் வகுப்பெடுக்க அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பேச்சுப் போட்டியில் ‘வன்னியின் குளங்கள்’ பற்றிப் பேசி முதற்பரிசு பெற்றவள் நான். நான் சொன்ன மூன்று குளங்களும் வன்னியில் உள்ளவை அல்ல. அவை ஸ்காட்லாந்தில் இருக்கின்றன.

2. வீட்டில் குளங்களைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் “பேந்து சொல்லுறன்” என்று தள்ளிப்போட்டார்கள். போட்டிக்கு முதல் நாள் என்னிடம் இருந்தது, பிரெஞ்சுப் பள்ளிக்காகச் செய்த புவியியல் ஒப்படை மட்டுமே. அதில் ஸ்காட்லாந்து ஏரிகளின் கேலிக் மொழிப் பெயர்களும் பொருளும் இருந்தன. லொக் டூ என்றால் கறுத்த ஏரி; கருங்குளம் என்று எழுதினேன். லொக் ஃபாடா, நீண்ட ஏரி. அது நெடுங்குளம் ஆயிற்று. லொக் நன் இயன், பறவைகளின் ஏரி; பறவைக்குளம். தமிழில் எழுதியதும் அவை பொய் போலவே தெரியவில்லை.

3. என் வகுப்பு மாணவன் டினோஜன் வரைபடத்தில் தேடிப் பார்த்து, நான் சொன்ன இடங்களில் அந்தக் குளங்கள் இல்லை என்று முறையிட்டான். ஆசிரியைதான் எழுதித் தந்தார் என்றும், அவர் இனி வகுப்பெடுக்கக் கூடாது என்றும் பள்ளி நிர்வாகக் கூட்டத்தில் முடிவாயிற்று. பள்ளிச் செயலாளரான என் அப்பா எல்லோர் முன்னிலையிலும், “பொய்யை எழுதிக் குடுத்துப் பிள்ளையைப் பழுதாக்கிப் போட்டியள் ரீச்சர்” என்று சத்தம் போட்டார். ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். அவர் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பேச்சை அவரும் முதன்முதலாக மேடையில்தான் கேட்டார், ஐயா.

4. ஆகவே அவருடைய வகுப்பை அவரிடமே ஒப்படைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். கோப்பையைத் திருப்பித் தருகிறேன். அதே மேடையில் உண்மைப் பெயர்களைச் சொல்லவும் சம்மதம். பள்ளிக்கு வரும் கடிதங்களை அப்பாவே பிரிப்பதால், இதைத் தங்கள் மகள் அஜந்தாவிடம் கொடுக்கிறேன். அப்பாவிடம் நானே சொல்ல வேண்டும் என்று தெரியும். மிகவும் பயமாக இருக்கிறது.

5. போட்டி முடிந்ததும் முன்வரிசையிலிருந்த, வன்னியிலிருந்து வந்த நகுலேஸ்வரன் ஐயா என் கையைப் பிடித்து, “நெடுங்குளத்திலதான் பிள்ளை நான் நீந்தப் பழகினனான். நீ சொன்னது அச்சொட்டா அதேதான்” என்று அழுதார். அவருடைய நெடுங்குளம் உண்மையாகவே இருந்திருக்கலாம். நீளமான குளத்துக்கு எந்த ஊராரும் அப்படித்தான் பெயர் வைப்பார்கள். அவர் முன்னால் அந்தப் பெயரை மட்டும் விட்டுவிட அனுமதி கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஆசிரியை அதற்கும் சேர்த்துத்தான் பழி சுமக்கிறார். மூன்றையும் சொல்வேன்.

மொன்றியல்,
14 பெப்ரவரி 2025

இப்படிக்கு,
தவறு செய்த மாணவி,
அ. பிரஷாந்தினி