ஐயாயிரம் தையல் ஓடும் மெசினும் அண்ணாவின் இடுப்புப் பையும்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.

அன்புள்ள மகன் சாரங்கனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கோணேசர் துணையில் இங்கே நாங்கள் மூன்று பேரும் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்த டோகா வெயிலில் உருகாமல் முழுசாக இருப்பாய் என்று நம்பியிருக்கிறேன்.

அண்ணா, அம்மா சொன்னது இவ்வளவுதான். குசினியில் பருப்பு பொங்குகிறது என்று எழும்பிப் போய்விட்டா, மிச்சக் கதையை நீயே எழுது, கடைசியில் வந்து நான் முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனா, ஆகவே இனி எழுதுவது உங்கள் தங்கச்சி நிருஜா. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன் எடுத்தால் அப்பா கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்துவிடுகிறார், கதைக்க வேண்டியதோ அவரைப் பற்றியது. றஊப் நானாவின் மகன் அஷ்பாக் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை உங்கள் கட்டட வேலைக் காம்புக்குத் திரும்புகிறான், அவன் கொண்டுவரும் பார்சலில் கருவாடும் மிளகாய்த்தூளும் ஒரு தோல் பையும் இருக்கும், அந்தப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு உயரத்தில் ஏற வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஏன் என்று வாசியுங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் உங்கள் வாய். ஸ்பானர் போடுகிற பையின் வார் அறுந்து, சாமான் எல்லாம் மேல்மாடியில் இருந்து கீழே விழுந்தது, நல்லவேளை கீழே ஒருவரும் நிற்கவில்லை என்று பகிடிபோலப் போனில் சொன்னீர்கள். நீங்கள் சிரித்துவிட்டு வைத்துவிட்டீர்கள். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை, யார் பெற்ற பிள்ளையோ கீழே நின்றிருந்தால் என்று அதையே சொல்லிக்கொண்டு திரிந்தா. அப்பா நன்றாகச் சாப்பிட்டார், சாப்பிட்டுவிட்டு மகனுக்கு நானே பை தைக்கிறேன் என்றார். அவருடைய தோல் வேலை உங்களுக்குத் தெரியும்தானே. வயிற்றில் ஒப்பரேசன் செய்த பிறகு வள்ளத்து எஞ்சின் திருத்துகிற மனுசன் இனி எஞ்சின் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொன்ன நாளில் இருந்து, வெள்ளைக்காரன் ஒருவன் பேர்ஸ் தைக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பொழுதுபோக்காகக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு பேர்ஸ் தந்தார், பூட்டினால் திறக்காது, திறந்தால் பூட்டாது. அந்த வெற்றியின் தைரியத்தில்தான் பெரிய மெசின் வேண்டும் என்று கிளம்பினார். தோல் வேலை இப்படித்தான் தோல்வி வேலை ஆனது.

மெசின் தெரிந்தெடுத்த அழகைக் கேளுங்கள். கந்தளாய்ப் பக்கம் மூடிப்போன கார்மென்ட் பக்டரி ஒன்றின் சாமான்களை விற்கிறார்கள் என்று அறிந்து, வடகரை வீதியில் ஓட்டோ சீட் தைக்கும் றஊப் நானாவையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே வரிசையாக நின்ற மெசின்களுக்கு முன்னால் நின்று அப்பா கேட்ட ஒரே கேள்வி, எது கூட வேகமாக ஓடும் என்பதுதான். நிமிசத்துக்கு ஐயாயிரம் தையல் ஓடும் என்று விற்கிறவன் ஒன்றைக் காட்டியதும், நாற்பது குதிரைவலு எஞ்சினைக் கண்ட மாதிரி அப்பாவின் கண் விரிந்ததாம். தோலுக்கு ஓட்டம் தேவையில்லை வல்லிபுரம், இழுவைதான் தேவை, இது சேட்டுத் தைக்கிற மெசின் என்று றஊப் நானா சொல்லியிருக்கிறார். சேட்டைத் தைக்கிறது தோலைத் தைக்காதோ, சேட்டுக்குள்ளும் தோல்தானே இருக்கிறது என்று அப்பா கேட்டாராம். இந்த வாய்தான் எனக்கும் வந்திருக்கிறது என்று அம்மா சொல்கிறா, நான் மறுக்கிறேன்.

லான்ட்மாஸ்டர் டிராக்டரில் வந்து இறங்கியது அந்த இரும்பு மாடு. மாட்டுத் தோல் சாமி விளக்குக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று அம்மா சொன்னதால் குசினிக்குப் பின்னால் கூரை இறக்கிய பத்தியில் வைத்தார்கள். புது எஞ்சின் கடலில் இறக்கும்போது செய்கிற மாதிரித் தேங்காய் உடைத்து, அப்பா மெசின் தலையில் சந்தனப் பொட்டும் வைத்தார். அதோடு விட்டாரா. துறைமுகத்துக் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று, வள்ளத்துத் தண்டுக்கு அடைக்கிற கிறீஸை எடுத்து மெசினில் கண்ட ஓட்டைக்குள் எல்லாம் விரலால் அடைத்தார். தண்ணீர் மாதிரி மெல்லிய எண்ணெய் ஊறி ஓட வேண்டிய ஓட்டைகள் அவை. மெசின் மாசமான பசு மாதிரி முனகியது, சூடேறியதும் கிறீஸ் உருகித் தோலில் எல்லாம் சொட்டியது. அவ்வளவையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டவே ஒரு கிழமை போனது. பிறகு பெடலை மிதித்தால், அது சும்மா தொட்டதற்கே ஐயாயிரத்தில் பாய்ந்தது. பரீட்சித்துப் பார்க்க வேண்டாமா என்று நான் அப்பா இடுப்பில் கட்டுகிற சாரத்தின் அடியை மூடித் தைத்து மடித்து வைத்தேன். காலையில் கால் விட்டவர் சாக்குக்குள் விழுந்த சூரை மீன் மாதிரித் துள்ளினார். அந்த மெசினில் ஒழுங்காக நடந்த வேலை அது ஒன்றுதான். அவருக்கும் கோபம் வரவில்லை, துணியில் தையல் எவ்வளவு நேராக விழுந்திருக்கிறது என்று சாரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தோலில் அந்த நேர் எங்கே. ஊசிக்குக் கீழே இருக்கிற இரும்புப் பல் கீழ்த் தோலை மட்டும் தள்ள, மேல் தோல் வரமாட்டேன் என்று அடம்பிடிக்க, இரண்டும் கோணிக்கொண்டு போயின. அப்பா விடவில்லை. வலைக்கண் சிறிதாக இருந்தால்தான் மீன் தப்பாது என்கிற கணக்கில், தையல் நெருக்கமாக இருந்தால்தான் பலம் என்று முடிவெடுத்து, எறும்பு போகவும் இடமில்லாமல் தைத்தார். பை முடிந்தது. பார்க்க நல்ல வடிவு, பொய் சொல்லக்கூடாது. அம்மா அதற்குள் அப்பாவின் ஸ்பானர்களைப் போட்டு கொய்யாக் கொப்பில் தொங்கவிட்டா. தேத்தண்ணி ஆறுவதற்குள் வார், தையல் போன வழியே, தபால் முத்திரையைக் கிழிக்கிற மாதிரிக் கிழிந்து சாமான் எல்லாம் கீழே கொட்டியது. ஊசி போட்ட ஓட்டைகளே தோலை அறுத்துவிட்டன. அம்மா கிழிந்த வாரைத் தூக்கிப் பிடித்தா. “இதைத்தான் என்ர பிள்ளையின்ர இடுப்பில கட்டப் போறீங்களோ” என்று மட்டும் கேட்டா. அப்பா ஸ்பானர்களைப் பொறுக்கினார், பிறகு மலை இறங்கிப் போய் உள்துறைமுகத்தில் வள்ளங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார், சாப்பாட்டுக்கும் வரவில்லை.

அடுத்த நாள் றஊப் நானாவின் கடை வாசலில் போய் நின்றாராம். உதவி கேட்கத் தெரியாத மனுசன், வெயில் கூடத்தான் என்று ஏதோ கதைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். றஊப் நானாவும் லேசுப்பட்டவர் இல்லை, பெருமையாக ஒரு பாட்டம் சிரித்து முடித்துவிட்டு, கூரை ஒழுகித் துருப்பிடித்து மூலையில் கிடந்த தன் பழைய சீட் மெசினைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார், கடையும் துப்புரவாகும் என்று. இதில் மேல் பாதமும் கீழ்ப் பல்லும் ஊசியும் மூன்றும் சேர்ந்து தோலைப் பிடித்துக்கொண்டு நடக்கும். நடந்தால். அப்போது கையால் சுற்றுகிற சில்லே அசையவில்லை. இந்த முறை அப்பா கிறீஸ் டின்னைத் தொடவில்லை. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு, சில்லைத் தலைமயிர் அளவு முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, சுத்தியலைக் கண்ணிலும் படாத இடத்தில் வைத்துவிட்டு இருந்தார். நீங்கள் விட்டுவிட்டுப் போன பல் பிரஷால் துருத் தேய்த்தது நான், அதை நீங்கள் திரும்பிக் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு பின்னேரம் சில்லு முழுச்சுற்றுச் சுற்றியது. அப்பா மோட்டரில் சின்னக் கப்பியையும் மெசினில் பெரிய கப்பியையும் மாட்டி, ஓட்டத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டினார். எஞ்சின்காரனுக்கு இது பாலர் வகுப்புப் பாடம், முதலே மூளையில் பட்டிருந்தால் ஒரு மாட்டின் தோலாவது மிஞ்சியிருக்கும். நூலுக்குப் பதிலாகத் தூண்டிலில் கட்டுகிற தங்கூசியைப் போடப் பார்த்தார், அது முடிச்சில் நிற்காமல் துள்ளி என் கண்ணுக்கு வந்தது, பிறகுதான் முறுக்கின நைலோன் நூல் வாங்கினார். கத்தி மாதிரி நுனி உள்ள தோல் ஊசி, எட்டி எட்டி விழுகிற நீட்டுத் தையல், மூலை வந்தால் கையால் சில்லைச் சுற்றி ஒவ்வொன்றாக. டொக், டொக் என்று அந்தச் சத்தம் கேட்டால் நித்திரை வரும். வார் தொடங்குகிற இடத்தில் செம்பு ஆணியும் அடித்தார்.

இந்த இரண்டாவது பை கொய்யாக் கொப்பில் ஒரு கிழமையாகத் தொங்குகிறது, கொப்புத்தான் வளைந்தது. ஆனாலும் அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. மரத்தில் தொங்குவது வேறு, மனுசன் கட்டிக்கொண்டு ஏறி இறங்குவது வேறு என்கிறா. சவர்க்காரமும் துவாயும் போட்டுக் குளிக்கப் போக வைத்திருக்கட்டும், மேலே கொண்டு ஏற வேண்டாம் என்று

அண்ணா, அந்த இடத்தில் நிறுத்தியது காலையில். இப்போது பின்னேரம். குசினியில் இருந்து அம்மா, பையைக் கட்ட வேண்டாம் என்று வடிவாக எழுதினியோ என்று தெருவுக்கே கேட்கக் கத்தினா, நான் ஓம் என்றேன், பத்திக்குள் இருந்த அப்பாவுக்கும் கேட்டுவிட்டது. அவர் எழும்பிக் கொய்யா மரத்தடிக்குப் போனார். பையைக் கழற்றி, வீட்டில் இருந்த பெரிய ஸ்பானர்களை எல்லாம் போட்டு, சாரத்துக்கு மேலே கட்டிக்கொண்டு தண்ணித் தாங்கியின் இரும்பு ஏணியில் ஏறத் தொடங்கினார். வெட்டித் தைத்த வயிற்றோடு. பார்சல் எடுக்க வந்த றஊப் நானாவும் அஷ்பாக்கும் முற்றத்தில் நின்று வாயைப் பிளந்தார்கள். உச்சிச் சீமெந்துத் தட்டில் நின்று அப்பா கல்யாண வீட்டில் பைலா ஆடுகிறவன் மாதிரி இடுப்பை ஆட்டினார், ஸ்பானர்கள் கிலுங்கின, நாங்கள் மூன்று பேரும் பின்னால் விலகினோம். அம்மா அகப்பையோடு வெளியே வந்தா, அண்ணாந்து பார்த்தா, விலகுவதற்குப் பதிலாக நேரே நடந்துபோய் அப்பாவுக்குக் கீழே நின்றா.

தள்ளி நில்லுங்கோ தங்கச்சி என்று றஊப் நானா கூப்பிட்டார். “விழுறதெண்டால் என்ர தலையில விழட்டும் நானா, அங்க பிறத்தியாற்ற பிள்ளையள் நிக்க முந்தி நான் நிண்டு பாக்கிறன்” என்றா அம்மா. மேலே பார்த்து, ஆட்டினது மட்டும் காணாது, குதியுங்கோ என்றா. அப்பா குதிக்கவில்லை. நீ தள்ளி நில்லு, குதிக்கிறேன் என்றார். “அப்ப உங்களுக்கே நம்பிக்கை இல்லை” என்றா அம்மா, அகப்பையைக் கூட உயர்த்தவில்லை.

அப்பா பையின் வாரைக் கையால் ஒருமுறை தடவினார். ஆணியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு அந்தச் சீமெந்துத் தட்டில் குதித்தார், தாங்கியே அதிர்ந்தது, திரும்பவும் குதித்தார், அம்மா கண்ணை மூடவில்லை. ஒன்றும் விழவில்லை. இறங்கி வந்தவருக்கு அம்மா கொடுத்த ஏச்சை எழுதினால் அஷ்பாக்கின் பார்சல் பாரம் கூடிவிடும். கொஞ்சம் மட்டும் சொல்கிறேன், வயிறு பிரிந்தால் அதையும் அந்த மெசினிலேயே நீட்டுத் தையல் போட்டுத் தைக்கிறேன் என்றா.

இப்போது அம்மா பக்கத்தில் வந்து இருக்கிறா, இனி அவ சொல்வது. மகன், பையைக் கட்டு. கட்ட வேண்டாம் என்று மேலே எழுதினதை வெட்ட வேண்டாம், அப்படியே கிடக்கட்டும் என்று இவளிடம் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு ஸ்பானருக்கும் ஒரு கயிறு போட்டுப் பையோடு முடிந்து வை. வெயிலில் தோல் காய்ந்தால் தேங்காய் எண்ணெய் பூசு, கிறீஸ் பூசாதே, அப்பா சொன்னாலும் பூசாதே. நேரத்துக்குச் சாப்பிடு. கோணேசரும் அம்பாளும் உன்னைச் சுற்றி நிற்கட்டும், நீ நீண்ட ஆயுளோடு நல்லாயிருப்பாய். கட்டிக்கொண்டு ஏறுகிற ஒவ்வொரு நாளும், கீழே நிற்பது ஆர் என்று ஒருக்கால் பார்த்துவிட்டு ஏறு.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
வ. புஸ்பராணி

(கை நிருஜாவுடையது. ஏச்சு இருவருடையதும்.)