மெயின் சுவிட்ச் இல்லாத பாடம்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். முட்டி வலி குறைந்ததா? நான் இங்கே ராஜா மாதிரி இருக்கிறேன். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணல்.

உன் மகள் அனுப்பினாளே, போனில் கம்பியை இழுத்துச் சேர்த்து பல்பு எரியவைக்கும் அறிவியல் பாடம், அதில் நான் புலி. மேஸ்திரி, "ஒயரிங் தெரியுமாய்யா?" என்றார். "கரண்டே எனக்கு சலாம் போடும்ணே" என்றேன். வேலையைக் கொடுத்துவிட்டார்.

பாடத்தில் தப்பாகச் சேர்த்தால் நெருப்புப் படம் வரும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். மெயினை அணைக்கும் வேலையே அதில் கிடையாது. மேஸ்திரி கொடுத்த வேலையிலும் அணைக்காமல் கம்பியைப் பிடித்துவிட்டேன். வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். பதறாதே, மிச்சம் எட்டு இருக்கிறதே! "இவ்வளவு கரண்ட் தாங்கிய ஆளை நான் பார்த்ததே இல்லை" என்று டாக்டரே அசந்துபோனார்.

தலைவழியாக மாட்டுகிற சட்டை இரண்டு அனுப்பு. பட்டன் போட்டுவிட இங்கே யாரும் இல்லை.

விரல் விஷயம் உன் மகளுக்குத் தெரியவேண்டாம். தான் அனுப்பியதால்தான் என்று அழுவாள். ஆனால் பள்ளியில் நிஜக் கம்பியைத் தொடும் முன் மெயினை அணைக்கச் சொல். மாமா சொன்னதாகச் சொல்லிவிடாதே, ஏன் என்று கேட்பாள்.

கட்டு மாற்றக் கூப்பிடுகிறார்கள்.

உன் தம்பி