பூட்டினேனா என்று அப்பா கேட்டால்

அன்பு மகள் ஜெமிமாவுக்கு அம்மா எழுதுவது.

போன வியாழக்கிழமை கடையை அடைத்துவிட்டுத் தெருமுனைக்கு வந்ததும் அப்பா என்னிடம், ஏளா, பூட்டினேனா என்று கேட்டார், நான் பூட்டினீங்க என்று சொல்லவில்லை. இத்தனை வருஷமாகச் சொல்லி வந்ததை அன்றைக்குச் சொல்லவில்லை, அதை உனக்கு விளக்கத்தான் இந்தக் கடிதம். இங்கே நாங்கள் சுகம், குவாஹாட்டிக் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், ஸ்வெட்டரைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்காதே. போனில் பேசலாமே என்பாய். நம் போன் கல்லாப்பெட்டி மேல் ஸ்பீக்கரில் கிடக்கும், சரக்கு எடுக்க வந்தவர்கள்கூட உன்னை நலம் விசாரிப்பார்கள், அங்கே எதைப் பேசுவது. அப்பாவுக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன், பிள்ளைகிட்ட நீயே சொல்லிரு, எனக்குச் சொல்ல வராது என்றார்.

அப்பாவுக்கு இருப்பது ஓ.சி.டி. என்கிற மனநோய். வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வந்து பயமுறுத்தும், அந்தப் பயம் அடங்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும். கடை வைத்துப் பிழைக்கிற நமக்கு அது நோயாகவே தெரியவில்லை. பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தால் பொறுப்பு என்றோம், எடை போட்ட மூட்டையை இறக்கி மறுபடி தராசில் ஏற்றினால் நாணயம் என்றோம். மீஞ்சூரிலிருந்து வருகிற சில்லறைக் கடைக்காரர்கள் தவசிமுத்து அண்ணாச்சி கடையில் எடை தப்பாது என்று போகிற இடமெல்லாம் சொன்னார்கள். மூட்டை இறக்கும் பையன் அறிவு மட்டும், இன்னா மொதலாளி, அரிசிய எட போடுறியா ஜாதகம் பாக்குறியா, என் முதுகு கயண்டுகினு போவுது என்பான். அப்பாவும் சிரிப்பார், சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை ஏற்றச் சொல்வார். இந்த வருஷம் ஆலயத்தில் அசன விருந்துக்கு அரிசி அளந்து கொடுக்கும் வேலையை, இவரைவிடச் சுத்தமான கை யாருக்கு என்று அவரிடமே கொடுத்தார்கள். ஆராதனை முடிந்து சனம் பந்திக்கு வந்துவிட்டது, உலை கொதித்து வற்றுகிறது, அரிசி வரவில்லை. சமையலைப் பார்த்துக்கொண்ட டெரிக் அண்ணன் கோபமாகச் சாமான் அறைக்குப் போனால் அப்பா தராசுக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறார். அரிசி குறைஞ்சு ஒரு பிள்ளை பசியோட போனா அந்தப் பாவம் எனக்குத்தானே என்கிறார். டெரிக் அண்ணன் சத்தம் போடவில்லை, அண்ணாச்சி வெளிய வாங்க, பத்தலன்னா நான் ஓட்டல்ல வாங்கிப் போடுறேன் என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

மறுவாரமே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். வெளியே தெரிந்தால் நாளைக்குப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா என்று சொந்தத்தில் ஒருவர் கேட்டார். உங்க சர்க்கரைக்கு மாத்திரை போடும்போது உங்க பிள்ளைக்கு மாப்பிள்ளை கிடைக்காம போச்சா என்றேன். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நன்றாக இருக்கிறது என்று நாமாக நிறுத்தக் கூடாது. அதைவிட முக்கியமானது, பயம் வரும்போது போய்ப் பார்க்காமல் அதைத் தாங்கப் பழகுவது. கொஞ்ச நேரத்தில் அது தானாக இறங்குமாம். நாம் ஒவ்வொரு தடவையும் பூட்டியாச்சு என்று சொல்வது அந்த நோய்க்குச் சோறு போடுகிற மாதிரி என்றார் டாக்டரம்மா. நூலகத்தில் இதைப் பற்றி எடுத்துப் படித்தேன், அதிலும் அப்படித்தான் இருந்தது.

இதில் உன் பங்கு ஒன்று இருக்கிறது மக்களே. கடை அடைத்ததும் அப்பா பூட்டைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவதும், நீ சரியா இருக்குப்பா என்று போடுவதும் எனக்குத் தெரியும். பாசத்தில் செய்கிறாய். இனிமேல் செய்யாதே. அப்பாவே டாக்டர் முன்னால் இதற்கு ஒத்துக்கொண்டார். படம் வந்தால், இது அந்த நோய் கேக்குற கேள்விப்பா, நான் பதில் சொல்ல மாட்டேன், என்ன குழம்பு இன்னைக்கு என்று கேள். முதலில் கோபப்படுவார், அந்தக் கோபம் உன்மேல் இல்லை. உன்னைப் பற்றியும் ஒன்று. இது குடும்பத்தில் வரலாம், வராமலும் போகலாம், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரு நினைப்பு உன் படிப்பு நேரத்தையும் தூக்கத்தையும் தின்ன ஆரம்பித்தால் உங்கள் கல்லூரியில் ஆலோசகர் இருப்பார், உடனே போ, எங்களைப் போல நல்ல பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. போய்விட்டு என்னிடம் சொன்னால் போதும், போகலாமா என்று கேட்க வேண்டாம். என் வயிற்றில் நீ வந்தபோது எனக்கு உன் வயசுகூட ஆகவில்லை, எதற்கெடுத்தாலும் யாரையாவது கேட்டுக்கொண்டே இருந்தேன், உனக்கு அது வேண்டாம்.

அப்பா தேறிவிடுவார், எனக்கு அதில் சந்தேகமில்லை. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. முந்திரிக்கொத்து அனுப்பியிருக்கிறேன், அறைப் பிள்ளைகளுக்கும் கொடு. படம் வந்தால் பதில் போடாதே, மறந்துவிடாதே.

உன் அம்மா
ரோஸ்மேரி
இராயபுரம்

பி.கு. வியாழக்கிழமை நான் சொல்லாமல் நின்றதும் அப்பா அங்கேயே வியர்த்துப்போய் நின்றார், பிறகு என்கூட நடந்து வீட்டுக்கு வந்தார், சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை திரும்பிப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டார், வந்து என்னிடம் சொன்னார். சனிக்கிழமை போகவில்லை.