சிவப்பு எண்ணெய்

அன்புள்ள ருக்குமணிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். உன் அண்ணனுக்குச் சொல்ல வேண்டாம்.

"கார் எண்ணெய்கூட மாற்றத் தெரியாதவன் பினாங்கில் உன்னை எப்படி வைத்துக்கொள்வான்?" என்று அவர் கேட்டதால்தானே போன கோடை விடுமுறைக்கு நீ வரவில்லை? அதை நான் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே காருக்கு அடியில் படுத்து நட்டைக் கழற்றினேன். எண்ணெய் சிவப்பாகக் கொட்டியது. வடிந்ததும் இஞ்சினில் புதிய எண்ணெயை ஊற்றினேன். பக்கத்து வீட்டு வாசு எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, சிவப்பா இருக்கே, இது கியர் எண்ணெய் லா. இஞ்சின்ல பழசு அப்படியே இருக்கு, அதுமேல புதுசையும் ஊத்திட்டீங்க. காடிக்கு என்ன, தீபாவளியா?"

காடி என்றால் இங்கே கார். அவர் சிரித்தது எனக்கு உன் அண்ணன் சிரிப்பாகவே கேட்டது. பயப்படாதே, காரை நான் கிளப்பவே இல்லை. எல்லாவற்றையும் வடித்து, இரண்டையும் சரியாக ஊற்றினேன். இப்போது நன்றாக ஓடுகிறது. உன் அண்ணனிடம் இந்த ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டு.

இந்தக் கோடைக்காவது வா. விமான நிலையத்துக்குக் காரோடு வருகிறேன். வர முடியாதென்றால் உன் பழைய பருத்திப் புடவை ஒன்றை அனுப்பு. இங்கே வாங்கும் துணி எண்ணெயை உறிஞ்சுவதில்லை. எப்படியும் அழுக்காகப் போவதுதான், துவைக்காமலே அனுப்பு.

வேலைக்கு நேரமாகிறது.

மோகனராஜ்
ஆயர் ஈத்தாம்