பெட்டியை நம்பிய பெரியப்பாவுக்கு

என் பிரியத்துக்குரிய வாத்தியார் பெரியப்பாவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிறது. நம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்காக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அதனால் உங்களுக்கு முன்னால் எஸ்டேட்டே இதைப் படித்துவிடும். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். என்ன செய்வது, நான் சொல்லப்போவது இத்தனை நாள் மூடிவைத்தே கெட்டுப்போன விஷயம்.

முதலில் நல்ல செய்தி. மாரியம்மன் கொடைத் திருவிழாவுக்கு இந்த வருஷமும் நாடகம் நடந்தது. உங்கள் இளவரசி நாடகம்தான். நன்றாகவே நடந்தது. மூச்சு விட்டுக்கொள்ளுங்கள், மற்றதை மெதுவாகச் சொல்கிறேன்.

உங்களை அறியாத வாசகரும் இருப்பார்கள் அல்லவா? மாட்டுப்பட்டிப் பக்கத்து அடுத்த டிவிஷன்களுக்கும் பத்திரிகை போகிறது. ஆகவே சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா தேயிலை பாக்டரியில் பிட்டர். சுவருக்கு வெளியே நின்றபடியே எந்த மெஷினில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நாடக வாத்தியார். பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, ஆள் பிடித்து, ஒத்திகை பார்த்து, இருபது வருஷத்துக்கு மேல் இந்த எஸ்டேட்டின் பாட்டு நாடகங்களை நடத்தியவர்.

மூச்சிரைப்பு வந்து நீங்கள் லயத்து வீட்டில் படுத்த பிறகு, நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து நோட்டோடு உட்கார்ந்தேன். ‘நாடக வாழ்க்கையில் என் அனுபவங்கள்’ என்று தலைப்பும் நானே எழுதிவைத்தேன். “அதெல்லாம் பெரிய ஆளுக சமாச்சாரம்ட்டி” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நான் நகரவில்லை. மூன்றாம் நாள் நீங்களே ஆரம்பித்தீர்கள். நான் எதிர்பார்த்தது கலையைப் பற்றிய கருத்துகளை. நீங்கள் சொன்னது வேறு.

“நான் எழுதுன பாட்டுல பாதி, ராஜாவுக்குச் சட்டை மாத்த நேரம் வேணும்னு எழுதுனது. அதையும் எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன். நன்றாகப் பாடத் தெரிந்தவனுக்கு மேடையில் கையை எங்கே வைப்பதென்று தெரியாது, கையை வைக்கத் தெரிந்தவனுக்குத் தொண்டை இருக்காது, இரண்டும் உள்ளவனுக்கு அன்றைக்கென்று பாக்டரியில் இரண்டாம் ஷிப்டு விழும் என்றீர்கள். போர்க்களத்தில் செத்துக் கிடக்கும் ராஜாவை ஜனங்கள் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டு எழுப்பிவிடுவதும், அவர் எழுந்து அதே பாட்டைப் பாடிவிட்டு மறுபடியும் சாவதும் உங்களுக்கு வருஷா வருஷம் வயிற்றெரிச்சல். ஆனால் ஒரு தடவைகூடத் தடுத்ததில்லை. “கேக்குதவன் நம்ம ஆளுல்லா” என்றீர்கள். ஒரு வருஷம் துரை தாமதமாக வந்தார் என்று, பாதி நடந்த நாடகத்தை நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பித்தீர்களாம். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தீர்கள். உங்களுக்குப் பயப்படுகிறவர்களிடம் கத்துவீர்கள், பயப்படாதவர்களிடம் இருமுவீர்கள் என்பதையும் நீங்களேதான் சொன்னீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அதற்கு மறுநாள்தான் அந்தப் பக்கத்தைச் சொன்னீர்கள்.

எழுதி முடித்ததும் நோட்டை வாங்கிப் பார்த்தீர்கள். “நான் சொல்லுத வரைக்கும் இது வெளிய போகப்படாது” என்று என் தலைமேல் கைவைத்துச் சத்தியம் வாங்கினீர்கள். பிறகு நீங்கள் சொல்லவே இல்லை. சொல்ல மறந்தீர்களா, நேரம் கிடைக்கவில்லையா, தைரியம் வரவில்லையா? எனக்கு இன்னும் தெரியாது, பெரியப்பா.

அந்தப் பக்கத்தோடு நான் மூன்று மாதம் இருந்தேன். கணக்குப் பாடத்தில் உட்கார்ந்தாலும் அதுதான் நினைவு. காரணம், அதில் இருந்த பேச்சி அத்தையை நான் தினமும் பார்த்தேன். காலையில் நான் பஸ்ஸுக்கு இறங்கும்போது அத்தை கொழுந்துக் கூடையோடு மலையேறுவார். “நல்லாப் படிக்கியா?” என்று கேட்பார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இளவரசி வேஷம் பேச்சி அத்தைக்குத்தான். அப்போது எனக்கு ஆறு வயது. கடைசி ஒத்திகை மட்டும் லேசாக நினைவிருக்கிறது. மேல் பஞ்சமத்தில் போய் நிற்கும் அந்த ஒரு இடத்தில் அத்தையின் குரலும் ஆர்மோனியப் பெட்டியும் உரசின. நீங்கள் நிறுத்தினீர்கள். மறுபடி பாடினார், மறுபடி உரசியது. மூன்றாம் தடவை எல்லார் முன்னாலும், “பெட்டி பொய் சொல்லாது பேச்சி” என்றீர்கள். அடுத்த வாரம் வேறு டிவிஷனிலிருந்து ஒரு பெண் வந்து இளவரசி ஆனாள். அவளுக்கு அவ்வளவு உயரம் எட்டாது என்று மெட்டையே கீழே இறக்கினீர்கள். அதன்பிறகு அந்த ஸ்வரத்துக்கு யாருமே போகவில்லை.

பேச்சி அத்தை கோயிலில்கூடப் பாடுவதை விட்டுவிட்டார். ‘பெட்டியோடு ஒட்டாத தொண்டை’ என்று எஸ்டேட்டில் பெயர் ஆகிவிட்டது. கேலியாகக்கூட இல்லை, உயரமான ஆளை நெட்டை என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார்கள்.

அந்தப் பக்கத்தை நான் மூடிவைத்திருந்தபோதுதான், கொடைக்கு ஒத்திகை தொடங்கியது. ஆர்மோனியக்காரர் சங்கரன் மாமா முன்னால் நின்று நடத்தினார். இளவரசிக்கு ஆள் தேடினார்கள். என் வகுப்புக் கோமதி, பேச்சி அத்தையின் மகள், வந்து பாடினாள். எப்படிப் பாடினாள் தெரியுமா? சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். பழைய மெட்டுக்கே போய்விடலாம் என்று மாமாவுக்கு அத்தனை சந்தோஷம்.

அப்போது பேச்சி அத்தை வேலை முடிந்த கோலத்தோடு உள்ளே வந்து மகளின் கையைப் பிடித்தார்.

“வேண்டாம்ண்ணே. இன்னைக்கு நல்லாருக்கும்பிய. கடைசி ஒத்திகையில எல்லாரு முன்னாடியும் இவளையும் ஒட்டலைன்னு சொல்லுவிய. ஒரு வீட்டுக்கு ஒரு தடவ போதும்.”

சத்தம் போடாமல்தான் சொன்னார். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கோமதி மறுநாள் பள்ளிக்கூடத்தில் என்னிடம், “எங்க வம்சத் தொண்டையே அப்படித்தானாம்” என்றாள். அவள் அதை நம்பிவிட்டாள். பாட்டு நோட்டைக்கூட என்னிடம் கொடுத்துவிட்டாள்.

சத்தியம் பெரிதா, கோமதி பெரிதா? நான் படித்த கதைகளில் சத்தியத்தைக் காப்பாற்றுகிறவர்கள்தான் நல்லவர்கள். ஆனால் அந்தக் கதைகளில் சத்தியத்தால் பாதிக்கப்படுவது சத்தியம் செய்தவர்களாகவே இருக்கிறார்கள். எனக்கு வழி தெரியாமல் பெரியம்மாவிடம் போய் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். உங்களுக்காக அழுவாரோ, என்மேல் கோபப்படுவாரோ என்று பயந்தேன்.

பெரியம்மா அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்தார். “அந்தப் பெட்டியத் தூக்கிட்டு போடிக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு மனுசன் சோறு திங்கல. என்னன்னு கேட்டேன். பஸ்ல குமட்டிட்டுன்னாரு” என்றார். பிறகு, “போயி பேச்சிக்குப் படிச்சுக் காட்டு. அவரு கோவிச்சா நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

ஆகவே கோபம் இருந்தால் பெரியம்மாவிடம் பேசிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். அத்தை வாசலில் உட்கார்ந்து, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். கோமதி தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்தாள். நான் நின்றபடியே படித்தேன். நோட்டில் இருந்ததை ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கேயும் எழுதுகிறேன்.

‘பெட்டியின் துருத்தி கிழிந்ததால் இரண்டு வருஷத்துக்கு முன் நான் மட்டும் அதைப் போடிக்குக் கொண்டுபோனேன். ரிப்பேர்க்காரர் ஒவ்வொரு ரீடாகத் தட்டிப் பார்த்தார். மேல் பஞ்சமம் இறங்கிக் கிடக்கிறது, ஈரத்தில் பச்சை பிடித்திருக்கிறது, இன்று நேற்று வந்த பழுது இல்லை, பல வருஷம் இருக்கும் என்றார். மலையில் பனி அடிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? பாக்டரியில் ஒரு மெஷின் தப்பாகச் சத்தம் போட்டால் முதலில் மெஷினைத்தான் பிரிப்பேன். அன்றைக்கு மட்டும் மெஷினை விட்டுவிட்டு மனுஷியைத் தள்ளினேன். பேச்சி பாடியது சரி. நான் சொன்னது தப்பு. ரீடைச் சரிசெய்து கொண்டுவந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வாத்தியார் என்ற பெயர் போய்விடும் என்று பயந்தேன்.’

அத்தை ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

“எப்பத் தெரிஞ்சுதாம்?”

இரண்டு வருஷம் முன்னால் என்றேன்.

“ரெண்டு வருசம்” என்றார். “தினமும் பேரு கூப்பிடுத பெரட்டுக் களத்துல என்னயப் பாத்தாரு. சாப்ட்டியா பேச்சின்னு கேட்டாரு. இதச் சொல்ல வாய் வரலையாக்கும்.”

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. “நீ எதுக்குட்டி அழுத? நீயா பெட்டி வாசிச்ச?” என்றார். ஊசியை எடுத்து மறுபடி தைக்க ஆரம்பித்தார். நான் தப்புச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் ஒத்திகை நடக்கும்போது அத்தை கோமதியோடு வந்தார். யாரையும் பார்க்காமல் நேரே பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். “அந்த ரீட அமுக்குங்கண்ணே” என்றார். சங்கரன் மாமாவுக்கு விஷயம் தெரியாது. எந்த ரீடு என்று கேட்டார். “ஒங்களுக்குத் தெரியும்” என்றார் அத்தை.

மாமா அமுக்கினார். அத்தை வாயைத் திறந்தார். எட்டு வருஷமாகப் பாடாத குரல், முதலில் காற்றுதான் வந்தது. பிறகு ஸ்வரம் வந்தது. பெட்டி எங்கே முடிகிறது, அத்தை எங்கே தொடங்குகிறார் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூச்சு இருக்கும்வரை பிடித்தார்.

“இப்ப ஒட்டுது. நான் அன்னைக்கு நின்ன எடமும் இதுதான்” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து எல்லாருக்கும் அந்தப் பக்கத்தைப் படித்தேன்.

எல்லாரும் உங்களைப் பாராட்டினார்கள் என்று பொய் எழுதமாட்டேன். செத்தவர் குறையை ஏன் கிளற வேண்டும் என்று ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். இன்னொருவர், “வாத்தியாரா இப்படி” என்று மட்டும் சொன்னார். சங்கரன் மாமா பெட்டியை மூடிவிட்டு, “அன்னைக்கு அந்த ரீட அமுக்கினது என் விரலு. பாதிப் பழி எனக்கு” என்றார். “பாதி போதுமா?” என்று அத்தை கேட்டார். அப்போதுதான் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும். மாமாவும் சிரித்தார். அத்தை மகளைப் பார்த்து, “நில்லு. பாடு” என்றார்.

கொடை அன்று மூன்று மணிக்கே பனி இறங்கிவிட்டது. அது பந்தலுக்குள்ளும் புகுந்ததால், முதல் வரிசைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. செத்த ராஜாவுக்கு ஒன்ஸ்மோர் கேட்டார்கள். எழுந்து பாடினார். மன்னித்துவிடுங்கள், அதை யாராலும் தடுக்க முடியாது போலிருக்கிறது. கோமதி அந்த இடத்துக்கு ஏறியபோது நான் அத்தையைப் பார்த்தேன். அவர் மகளைப் பார்க்கவில்லை. சங்கரன் மாமாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்வரம் முடிந்த பிறகுதான் கண்ணை எடுத்தார்.

இப்போது எனக்குக் கணக்குப் பாடம் புரிகிறது. காலையில் பஸ்ஸுக்கு இறங்கும்போது நிமிர்ந்து நடக்கிறேன். உங்களுக்கும் அங்கே இப்படித்தான் லேசாக இருக்கிறதா?

உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று நேற்று அத்தையிடம் சொன்னேன். ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு யோசித்தார்.

“கோவம் இன்னும் போகலைன்னு எழுது” என்றார். இரண்டடி போய்த் திரும்பி, “ஆனா நல்லா ஒறங்குதேன்னும் எழுது” என்றார்.

எழுதிவிட்டேன். பத்திரிகையில் உங்கள் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அத்தையின் இந்த இரண்டு வரியையும் அவர் சொன்னபடியே எழுதுவேன். எத்தனை பிரதி எடுத்தாலும் ஒன்றை விட்டு ஒன்றை எழுதமாட்டேன். இது நானாகச் செய்யும் சத்தியம், பெரியப்பா. இதை நீங்கள் கேட்டால்கூட உடைக்கமாட்டேன்.

உங்களிடம் கொஞ்சமும் பயப்படாத,
உங்கள் தம்பி மகள்
வசந்தி