டீக்குப் பிறகு மூன்றாம் சுற்று

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. செய்ய வேண்டியவை: கேஸ் சிலிண்டர் பதிவு. விடைத்தாள் இன்னும் இருபத்தெட்டு. பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து குடையை மீட்பது (ஐந்தாவது வாரம். அதைப் பிடித்துக்கொண்டு என் முன்னாலேயே நடக்கிறார்).

மாலை அக்கா மகள் நிஷா வந்தாள். போனில் ஒரு பக்கம் நடத்துகிறாள். வெள்ளிதோறும் மூன்று விஷயம் போடுவாள்: பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல் யாரோ வீட்டில் பதிவு செய்த பாட்டு ஒன்று, பழைய பொருள் ஒன்று, நண்பர் யாராவது செய்த வேலை ஒன்று. இது நான் எட்டு வருடமாகப் போகாத மேரி டீச்சர் வீட்டுக் கூட்டத்தின் வழக்கம். எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். மூன்று மாதமாக அங்கே போகிறாளாம். எனக்குக் கோபம் வரும் என்று சொல்லவில்லையாம். வந்தது.

பிறகு போனை என் முன் வைத்தாள். டீச்சர் வீட்டுக் கூட்டங்களின் பழைய பதிவுகளில் கிடைத்ததாம். நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ கப்பைக் கீழே வைக்கும் சத்தம், பிறகு என் பழைய நண்பன் ஸ்டீபனின் குரல்.

"இது என் ஃப்ரெண்டோட வேலை. அவன் இப்பதான் எழுந்து போயிட்டான். பரவால்ல, போடறேன்."

அதன் பிறகு கிதார். அதன் பிறகு நான். என் குரல். என் பாட்டு, பஸ் நிலையத்தில் காத்திருப்பதைப் பற்றியது, முழுசாக ஆறு நிமிடம்.

கையிலிருந்த பேனா எங்கே போனது என்று தெரியவில்லை.

"மாமா, இது நீங்கதானே? ஹௌதா, ஆமாவா இல்லியா? வெள்ளிக்கிழமை போடலாமா?"

கூடாது என்றேன். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேனா என்று நினைவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

விடைத்தாள்: நான்கு மட்டும். ஒரே கேள்விக்கு இரண்டு முறை மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

எனக்காகவே எழுதி வைக்கிறேன், ஒழுங்காக. மாதம் ஒரு ஞாயிறு நஜர்பாத் பகுதியில் மேரி டீச்சர் வீடு. பத்துப் பன்னிரண்டு பேர். முதல் சுற்று பாட்டு. இரண்டாவது பழைய பொருள். பிறகு டீ. மூன்றாவது நண்பர் வேலை. ஒரே விதி: சொந்தச் சரக்கைக் கொண்டுவரக் கூடாது. உன்னுடையதை வேறொருவர் கொண்டுவந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆறு வருடம் போனேன். ஒவ்வொரு முறையும் டீக்குப் பிறகு நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். ஒருவரும் என்னைக் கொண்டுவரவில்லை.

கடைசி நாள்: தேவராஜ மொஹல்லா பழைய சாமான் கடையில் ஒரு ஸ்பூல் டேப் மெஷின், பெரிய சக்கரங்கள் சுழன்று ஒலிப்பதிவு செய்யும் பழங்கால வகை. மூன்று மாதமாகக் கண் வைத்திருந்தேன். ஸ்டீபனிடம் மட்டும் சொன்னேன். இரண்டாம் சுற்றில் அவன் துணியை விலக்குகிறான், உள்ளே அதே மெஷின். எழுந்து வந்துவிட்டேன். டீ கூடக் குடிக்கவில்லை. அன்றோடு அவன் நம்பரைப் போனிலிருந்து அழித்துவிட்டேன். எட்டு வருடம்.

நான் எழுந்து போன கால் மணி நேரத்துக்குள்தான், மூன்றாம் சுற்றில், அவன் என் பாட்டைப் போட்டிருக்கிறான்.

பாட்டு அவனிடம் எப்படிப் போனது என்பதும் இப்போது தெரிகிறது. ஒரு மதியம் அவன் வீட்டில், புது மைக்கைச் சோதித்துப் பார்க்கிறேன், எதையாவது பாடு என்றான். பாடினேன். அழித்துவிட்டிருப்பான் என்று நினைத்தேன்.

ஜூலை 9, புதன்

கல்லூரி முடிந்து டீச்சர் வீட்டுக்கு. கதவைத் திறந்தவர் ஆச்சரியப்படவில்லை. அதுவே கொஞ்சம் எரிச்சல். அறை அப்படியே இருக்கிறது. டீச்சருக்கு மட்டும் முழங்கால் வலி.

ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். நீதான் யார் போனையும் எடுக்கவில்லையே என்றார். அது உண்மை. பிறகு, ஆறு வருடமும் என்னைத் தவிர எல்லோருடையதும் வந்தது என்றேன். இதை மனதுக்குள் பல வருடம் சொல்லிப் பார்த்த வாக்கியம், நன்றாகவே வந்தது. டீச்சர் அலமாரியிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு ஞாயிறும் யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று மூன்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறார்.

என் பெயரைத் தேடினேன். பாட்டு: நிறைய. எல்லாமே நல்ல தேர்வு, இப்போதும் சொல்வேன். பழைய பொருள்: அலாரம் கடிகாரம், சோப்பு டப்பா, ரயில் விளக்கு. மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடு. அடுத்த மாதம் கோடு. அடுத்த மாதம் கோடு. பக்கம் திருப்பினேன். கோடு.

"ஆறு வருஷத்துல நீ ஒருத்தர் வேலையையும் கொண்டுவரல, ஜெரால்டு. சொன்னா வருத்தப்படுவேன்னு விட்டுட்டேன்."

டீச்சர் தவறுதலாக விட்டிருப்பார் என்று எண்ணி, மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். மற்றவர்கள் எல்லாருக்கும் எழுதியிருக்கிறார்.

வீடு வரை நடந்தே வந்தேன். நனைந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 10, வியாழன்

வெயில். தொண்டை கட்டியிருக்கிறது. கேஸ் வந்தது.

நிஷாவிடம் நம்பர் வாங்கி ஸ்டீபனுக்கு எழுதினேன். நான்கு வரைவு. முதல் மூன்றும் பண்பாக இருந்தன. அனுப்பியது நான்காவது: 'என்னைக் கேட்காமல் எதற்கு என் பாட்டைப் போட்டாய்?'

அவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுப்பவன்; மதியம் வரை பதில் இல்லை. சாப்பிடும்போது குரல் செய்தியாக வந்தது. பின்னால் ஸ்ட்ரெச்சர் சத்தம். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"ஜெரி, அந்த மெஷினை நான் வாங்கினது தப்புதான். ஆசை வந்துடுச்சு, வாங்கிட்டேன். ஆனா நீ அதுக்காகவா வராம இருந்தே? பாட்டுக்காகன்னுல்ல நாங்க நினைச்சோம். போட்டு முடிச்சதும் ஒருத்தரும் வாய் திறக்கலடா. யாரோ ரொம்ப நீளம்னாங்க, அவ்ளோதான். அது உன் காதுக்குப் போயிடுச்சு, அதான் கோவம்னு நினைச்சேன். போன் பண்ணி நான் என்னன்னு சொல்றது? உன் பாட்டு யாருக்கும் பிடிக்கலன்னா?"

ஐந்து முறை கேட்டேன். சோறு அப்படியே.

எட்டு வருடமாக நான் மெஷினுக்காகக் கோபித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என் தோல்விக்காக என்னிடம் சங்கடப்பட்டுக்கொண்டிருந்தார்கள். தோற்றதே எனக்குத் தெரியாது.

மாலை நிஷாவிடம் சொன்னேன்: போட்டுக்கொள். ஆனால் ஆரம்பத்தில் அவன் பேசுவதை வெட்டாதே.

ஜூலை 11, வெள்ளி

போட்டுவிட்டாள். கீழே வந்தவற்றில் சில: 'இந்த அங்கிள் யார்?' 'மைக் சரியில்லை.' 'அம்மாவுக்கு அனுப்பினேன்.' கொஞ்சம் நீளம் என்று ஒருவர். இன்னுமா.

ஞாயிறு கூட்டம் இருக்கிறது. வாருங்கள் என்று நிஷா. போவதானால் ஒரு நண்பர் வேலையைக் கொண்டுபோக வேண்டும். யாருடையது? எனக்கு நண்பர் என்று பட்டியல் போட்டேன். பட்டியல் சீக்கிரம் முடிந்தது.

பீரோவுக்கு மேல் பெட்டியில் ஸ்டீபனின் கேசட் இருந்தது. தேவராஜ மார்க்கெட்டில் ஒரு காலை முழுக்க மைக்கோடு நின்று அவன் பதிவு செய்தது. பத்துப் பிரதிதான் போட்டான், உறைப் படம் கையால் வரைந்தான். கூட்டத்துக்கு வந்து ஆளுக்கொன்று கையில் தந்த அன்றே, உறையை மட்டும் பார்த்து நான் எல்லோர் முன்பும் சொன்னது நினைவிருக்கிறது: இது இசையா, போக்குவரத்து நெரிசலா. எல்லோரும் சிரித்தார்கள். அவனும்.

மேலே சுற்றிய கண்ணாடித்தாள் பிரிக்கப்படவே இல்லை.

கேட்காமலே சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 12, சனி

நிஷாவிடம் ஒரு டேப் ரெக்கார்டர் உண்டு. தன் பக்கத்தில் போடும் படங்களில் அழகுக்கு வைக்க வாங்கியது, ஓடாது. தேவராஜ மொஹல்லா ரேடியோ ரிப்பேர் கடைக்கு இருவரும் கொண்டுபோனோம். திறந்தால் உள்ளே ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டியிருக்கிறது. கடைக்காரர் துடைத்துப் புதுசு மாட்டினார். கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பூஞ்சை இல்லை, யாரும் தொடாததால் பிழைத்தது என்றார் கன்னடத்தில். நிஷா என்னைப் பார்க்காமல் இருந்தாள். நல்ல பெண்.

வீட்டில் போட்டோம். பூக்காரர்கள் ஏலம் கூவுகிறார்கள். ஒரு கூடை இறங்குகிறது. யாரோ ஒருவர் எண்ணிக்கொண்டே போகிறார், எண்ணும் தாளத்துக்கு இன்னொரு பக்கம் தேங்காய் விழுகிறது, நடுவில் ஒரு பெண் சிரிக்கிறாள், மறுபடி தேங்காய். இவன் எதையும் சேர்க்கவில்லை. எங்கே நிற்பது என்று மட்டும் தெரிந்திருக்கிறது. நான் பாட்டெழுதி அடைய முடியாத இடத்தில் இவன் வெறுமனே நின்றிருக்கிறான்.

இப்படி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. சட்டை இஸ்திரி.

ஸ்டீபன் வந்திருந்தான். முன்தலை முடி போய்விட்டது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், நானும். முதல் சுற்றில் ஒரு பையன் போட்ட பாட்டு சுமார். இரண்டாம் சுற்றில் நிஷா டேப் ரெக்கார்டரைக் காட்டினாள். டீ. இருந்து குடித்தேன்.

என் முறை. என் நண்பர் வேலை என்றேன். உறையைப் பார்த்ததும் ஸ்டீபன் கப்பைக் கீழே வைத்தான். எட்டு வருடம் முன்பு அதைப் பற்றி நான் சொன்னது தவறு, அன்று கேட்டிருக்கவில்லை, நேற்றுதான் கேட்டேன் என்றேன். போட்டேன்.

முடிந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் போனைப் பார்த்தார். ஒருவர் பிஸ்கட் தட்டைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. அவரவர் முகத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போல. அன்று நான் கிளம்பிப் போன பிறகு என் பாட்டை வைத்துக்கொண்டு ஸ்டீபனும் இதே நாற்காலிகளுக்கு நடுவில் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருப்பான்.

டீச்சர் நோட்டைத் திறந்தார். அப்போது ஸ்டீபன்.

"டேய், ரெண்டாவது பக்கத்தைப் போட்டிருக்கே. மொதல் பக்கம்தான் நல்லாருக்கும்."

எவ்வளவு நேரம் என்று யாரோ கேட்டார். முப்பது நிமிஷம் என்றான்.

திருப்பிப் போட்டேன்.